பெயர் ஷாங்காயில், ஊர் ஆபிங்டனில்: எம்.ஜி. காரின் பாரம்பரியம் யாரிடம் இருக்கிறது?

இந்தியச் சாலைகளில் எண்கோணச் சின்னம் பொறித்த எம்.ஜி. கார்கள் 2019 முதல் ஓடுகின்றன. 2024ஆம் ஆண்டை அந்தப் பெயரின் நூற்றாண்டாக அதன் தயாரிப்பாளர்கள் கொண்டாடினார்கள். அதே ஆண்டில் இந்திய நிறுவனம் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்துடனான கூட்டு நிறுவனமாக மாறியது. தாய் நிறுவனமோ சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த எஸ்.ஏ.ஐ.சி. ஆகவே இதைப் பிரிட்டிஷ் கார் என்பதா, சீனக் கார் என்பதா, இந்தியக் கார் என்பதா என்ற குழப்பம் வாசகருக்கு எழுவது இயல்பே. நூறு ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் பலருக்குத் தெளிவாக இல்லை.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள ஆபிங்டன் என்னும் சிறு நகரத்துக்குப் போய்ச் சேர்வோம். ஒரு காரின் பெயர், அதைச் செய்த இயந்திரங்கள், அதன் பதிவேடுகள், அது பிறந்த இடம் ஆகிய நான்கும் வெவ்வேறு பொருள்கள் என்பதையும், அவை வெவ்வேறு கைகளுக்குப் போக முடியும் என்பதையும் இந்த ஊரின் வரலாறு காட்டுகிறது.

சந்தை நகரம் என்றால் என்ன?

ஆபிங்டனை ஆங்கிலேயர் ‘சந்தை நகரம்’ என்பார்கள். நம் ஊர்களில் வாரச்சந்தை கூடும் இடத்தை நாம் எண்ணிக்கொள்வது போல, வெறுமனே சந்தை கூடுகிற ஊர் என்று இதற்குப் பொருள் கொண்டால் பாதிதான் சரி. இடைக்கால இங்கிலாந்தில் சந்தை கூட்டுவது ஒரு சட்ட உரிமை. பெரும்பாலும் அரசரின் சாசனத்தால் வந்தது. 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூலாசிரியர் பிராக்டன் இதற்கு ஒரு கணக்கே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் பயணம் 20 மைல் என்று கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கான ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைந்த தொலைவுக்குள் இன்னொரு சந்தை தோன்றினால், முதல் சந்தைக்கு உரியவர் வழக்குத் தொடுக்கலாம். போவதற்கு ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டும் முன் வீடு திரும்ப ஒரு பங்கு என்பது அந்தக் கணக்கின் காரணம்.

ஆபிங்டனில் இந்த உரிமை நெடுங்காலம் பெனடிக்டைன் துறவியரின் மடத்திடம் இருந்தது. சந்தை வருமானம் யாருக்கு என்ற பூசல் 1327இல் கலவரமாகவே வெடித்து, ஊரார் மடத்தைத் தாக்கினார்கள். 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. 1556இல் ஊர் தன் சாசனத்தைப் பெற்றது. 1678க்கும் 1682க்கும் இடையே சந்தைத் திடலின் ஓரத்தில் கவுன்டி மண்டபம் எழுந்தது. (கவுன்டி என்பது பல ஊர்களை உள்ளடக்கிய நிர்வாகப் பகுதி.) கீழே தூண்களுக்கு இடையில் சந்தை, மேலே நீதிமன்றம் என்ற அமைப்பில் கட்டப்பட்ட அந்த மண்டபமே இன்று ஊரின் அருங்காட்சியகம். அப்போது பெர்க்ஷயர் கவுன்டியின் தலைநகராக இருந்த ஊர், 1974இன் எல்லைச் சீரமைப்பில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரோடு சேர்க்கப்பட்டது.

கார் தொழிற்சாலை என்றதும் நினைவுக்கு வருவது பர்மிங்ஹம், கவன்ட்ரி போன்ற பெருநகரங்கள். தோல் பதனிடுதல், ஆடை தைத்தல், பீர் வடித்தல் ஆகியவற்றால் வாழ்ந்துவந்த இத்தகைய ஊருக்குக் கார் எப்படி வந்தது என்பது இங்கிருந்துதான் விளங்கும்.

தோல் ஆலைக்குள் வந்த கார்

வில்லியம் மோரிஸ், பின்னாளின் நஃபீல்ட் பிரபு, ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் பழுது பார்ப்பவராகத் தொடங்கிக் கார் உற்பத்தியாளராக உயர்ந்தவர். கார்களை விற்கவும் பழுது பார்க்கவும் அவர் வைத்திருந்த தனி வணிகத்தின் பெயர் மோரிஸ் கராஜஸ். எம்.ஜி. என்பது அந்த இரண்டு சொற்களின் முதலெழுத்துகள். அதற்கு மேல் வேறு மறைபொருள் எதுவும் இல்லை. 1922இல் அந்த வணிகத்தின் பொது மேலாளரான செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களின் சேசிஸ்களின் (அடிச்சட்டங்களின்) மேல் அழகான பாடிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். எண்கோணச் சின்னம் வணிகக்குறியாகப் பதிவானது 1924இல். இன்றைய நூற்றாண்டுக் கணக்கு அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறது.

ஆபிங்டன் தன் கணக்கை 1929இலிருந்து எண்ணும். 1928 அக்டோபரில் அறிமுகமான சிறிய எம்-வகை மிட்ஜெட் காருக்குத் தேவை பெருகவே ஆக்ஸ்ஃபோர்டில் இடம் போதவில்லை. ஆபிங்டனில் பாவ்லோவா தோல் ஆலையின் ஒரு பகுதி வெறுமையாகக் கிடந்தது. 1929இல் கிம்பர் தம் ஆட்களோடு அங்கே குடியேறினார். அடுத்த 51 ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அந்தக் கூரைகளின் கீழிருந்து வெளியே வந்தன.

கிம்பரின் முடிவு துயரமானது. 1935இல் நஃபீல்ட் பிரபு எம்.ஜி.யை மோரிஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் சேர்த்தார்; பந்தயத் துறை மூடப்பட்டது, வடிவமைப்புப் பணியும் ஆபிங்டனை விட்டுப் போனது. போர்க்காலத்தில் தொழிற்சாலைக்கு வேலை தேடி, தலைமையின் அனுமதியின்றி விமானப் பாகம் செய்யும் ஒப்பந்தம் ஒன்றைக் கிம்பர் ஏற்றுக்கொண்டதால் 1941இல் அவர் பதவியை இழந்தார். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் இறந்தார். போருக்குப் பின் வந்த பெருவளர்ச்சியை அவர் பார்க்கவில்லை.

அந்த வளர்ச்சி பெரும்பாலும் அமெரிக்காவால் வந்தது. இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் காரை அறிந்துகொண்டார்கள், 1945இன் டி.சி. காரும் அதைத் தொடர்ந்த டி.டி.யும் அட்லான்டிக்கைக் கடந்தன. 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. கார்கள் 1,01,081. அவற்றுள் பிரிட்டனுக்குள் விற்றவை ஆறாயிரத்துக்கும் குறைவு. 1962இல் வந்த எம்.ஜி.பி. பதினெட்டு ஆண்டுகள் உற்பத்தியில் இருந்து, ஐந்து லட்சத்தைத் தாண்டியது. ஏற்றுமதியால் செழித்த ஊர் என்ற இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆலை மூடப்பட்டதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆபிங்டன் தொழிற்சாலை எப்படி இயங்கியது?

ஆபிங்டன் காரின் பாகங்களை முழுமையாகத் தானே செய்துகொண்ட ஆலை அல்ல. வந்து சேரும் பாகங்களைக் காராகக் கோக்கும் ஆலை. எம்.ஜி.பி.யை எடுத்துக்கொண்டால், தகட்டுக் கூடாகிய பாடி ஸ்விண்டன் நகரிலிருந்து வந்தது. எஞ்சின் கவன்ட்ரியிலிருந்து வந்தது. ஆபிங்டனில் கார்கள் தானியங்கிப் பட்டையில் நகரவில்லை. ஒரு நிலையத்தில் வேலை முடிந்ததும் தொழிலாளர்களே கையால் தள்ளி அடுத்த நிலையத்துக்கு அனுப்பினார்கள். கார் பெருந்தொழிற்சாலைகள் வேலைநிறுத்தங்களால் அல்லாடிய 1970களில், இந்த ஆலையில் தொழிலுறவு நன்றாக இருந்தது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. தந்தையும் மகனும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த குடும்பங்கள் ஊரில் இருந்தன.

பழைய கார் விரும்பிகள் மறக்காத இன்னொரு பகுதியும் இதே வளாகத்தில் இருந்தது. அது எம்.ஜி.யின் அன்றைய தாய் நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் போட்டித் துறை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலி என்னும் கார்ப் பந்தயத்தை வென்ற மினி கூப்பர் கார்கள் ஆபிங்டனில் ஆயத்தப்படுத்தப்பட்டவை. 1966இலும் முதலிடத்தில் வந்து, முகப்பு விளக்கு விதியைக் காட்டி நீக்கப்பட்டன.

1979 செப்டம்பரில் நடந்தது என்ன?

அந்த மாதத் தொடக்கத்தில், எம்.ஜி. தன் ஊருக்கு வந்த ஐம்பதாம் ஆண்டை ஆபிங்டன் விழாவாகக் கொண்டாடியது. உள்ளூர் மோர்லண்ட் பீர் ஆலை அந்தப் பொன்விழாவுக்காகவே ‘ஓல்ட் ஸ்பெக்கிள்ட் ஹென்’ என்னும் பீரை வடித்தது. தொழிற்சாலைக்குள் ஏவல் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த, பெயின்ட் தெறித்துப் புள்ளி புள்ளியாகிப்போன ஒரு பழைய எம்.ஜி. காரின் செல்லப் பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. விழா ஓய்ந்த கையோடு, செப்டம்பர் 10, திங்கட்கிழமை அன்று, ஆலையை மூடப்போவதாக எம்.ஜி.யின் அப்போதைய உரிமை நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. ஊரார் அந்த நாளைக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

தொழிலாளர்கள் ஒழுங்காக வேலை செய்த, வாங்க ஆள் இருந்த காரைச் செய்த ஓர் ஆலை ஏன் மூடப்பட்டது? காரணங்களைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

1. நிறுவன இணைப்பு. 1952இல் மோரிஸ் குழுமமும் ஆஸ்டினும் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. 1968இல் அதுவும் லேலண்டும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயின. லேலண்டோடு டிரையம்ப் என்னும் ஸ்போர்ட்ஸ் கார்ப் பெயரும் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள். புதிய முதலீடு டிரையம்பின் டி.ஆர்.7 காருக்குப் போனது. எம்.ஜி.பி.க்கு மாற்று வரவே இல்லை.

2. அமெரிக்க விதிகள். மோதலைத் தாங்கும் பம்பர், புகைக் கட்டுப்பாடு ஆகிய விதிகள் 1970களில் இறுகின. 1974இன் இறுதியில் எம்.ஜி.பி.க்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர்களைப் பொருத்தி, காரின் உயரத்தையும் கூட்டினார்கள். சாலையைப் பிடித்து வளையும் அதன் இயல்பு கெட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் எஞ்சின் ஆற்றலும் குறைந்தது. புதிய கார் வடிவமைக்கச் செலவிட மறுத்த நிறுவனம் பழைய காரை ஒட்டுப்போட்டே ஓட்டியது.

3. நாணய மதிப்பு. இதுவே உடனடிக் காரணம். 1976இன் இறுதியில் ஒரு பவுண்டு 1.70 டாலரை ஒட்டி இருந்தது. 1980 இலையுதிர்காலத்தில் 2.40 டாலரை எட்டியது. ஒரு காரை 6,000 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் விகிதத்தில் கைக்கு வருவது சுமார் 3,530 பவுண்டு. இரண்டாம் விகிதத்தில் 2,500 பவுண்டு. தொழிலாளியின் கூலியோ தகட்டின் விலையோ மாறாமலே, ஒரு காருக்கு ஆயிரம் பவுண்டு காணாமற்போகிறது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம்.ஜி.பி.யாலும் 900 பவுண்டு நட்டம் என்று நிறுவனம் சொன்னது. நிறுவனத்தின் பொதுச் செலவுகளை ஆபிங்டன் தலையில் ஏற்றிக் காட்டிய கணக்கு இது என்று எம்.ஜி. தரப்பினர் மறுத்தார்கள்.

4. கோக்கும் ஆலையாக இருந்தது. சொந்தமாகப் பாடியோ எஞ்சினோ செய்யாத ஆலையை மூடினால் நிறுவனத்தின் மற்ற உறுப்புகள் நிற்காது. பெரிய ஆலைகளை மூடினால் எழும் எதிர்ப்போடு ஒப்பிட்டால் ஆபிங்டன் எளிய இலக்கு.

முதல் மூன்று காரணங்களே பெரும்பாலும் பேசப்படுகின்றன. நான்காவதே முடிவைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பவுண்டின் ஏற்றம் ஏற்றுமதி செய்த எல்லா ஆலைகளையும் அடித்தது. கதவு மூடப்பட்டது, மூடுவதற்கு எளிதாக இருந்த ஆலையில்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கார் உரிமையாளர்கள் லண்டனுக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். அமெரிக்க விற்பனையாளர்கள் முறையிட்டார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு கூட்டணி ஆலையையும் பெயரையும் விலைக்கு வாங்க முயன்றது. (அந்த நிறுவனமும் நியூபோர்ட் பேக்னல் என்னும் இன்னொரு சந்தை நகரத்தில்தான் அப்போது கார் செய்துகொண்டிருந்தது.) 1980இன் நடுவில் அந்த முயற்சி பணம் திரளாமல் கைவிடப்பட்டது. அக்டோபர் மாதம் கடைசிக் கார் வெளியேறி, ஆலை மூடப்பட்டது. ராட்லி நிலையத்திலிருந்து ஆபிங்டன் வரை ஓடிய கிளை ரயில் பாதை, 1963இல் பயணிகள் சேவை நின்ற பிறகும் எம்.ஜி. கார்களை ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களால் உயிரோடு இருந்தது. 1984இல் அதுவும் மூடப்பட்டது.

பெயர் போன வழி

பிரிட்டிஷ் லேலண்ட் எண்கோணச் சின்னத்தை விற்கவில்லை; தன்னிடமே வைத்துக்கொண்டது. அதன் பின்னான பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. 1982 முதல் மெட்ரோ போன்ற சாதாரணக் குடும்பக் கார்களின் வேகமான வடிவங்களுக்கு எம்.ஜி. சின்னம் ஒட்டப்பட்டது.
2. ரோவர் குழுமமாகப் பெயர் மாறிய நிறுவனத்தை 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸும், 1994இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வும் வாங்கின. 1995இல் எம்.ஜி.எஃப். என்னும் புதிய ஸ்போர்ட்ஸ் கார் பர்மிங்ஹமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் பிறந்தது.
3. 2000இல் பத்துப் பவுண்டு என்னும் பெயரளவு விலைக்கு ஃபீனிக்ஸ் என்னும் குழு நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 2005 ஏப்ரலில் எம்.ஜி. ரோவர் நொடித்துப்போனது.
4. அதே ஆண்டு சீனாவின் நான்ஜிங் ஆட்டோமொபைல் அதன் சொத்துகளை வாங்கியது. 2007 இறுதியில் நான்ஜிங், எஸ்.ஏ.ஐ.சி.யோடு இணைந்தது. லாங்பிரிட்ஜில் நடந்துவந்த கார் கோக்கும் பணி 2016இல் நின்றது.

இந்தியாவில் குஜராத் மாநிலம் ஹலோல் ஆலையில் செய்யப்படும் கார்கள் இந்தக் கடைசிக் கண்ணியிலிருந்து வந்தவை. ஆகவே அவற்றின் மேலிருக்கும் பெயர் பிரிட்டனில் பிறந்தது, அந்தப் பெயரின் சட்ட உரிமை சீன நிறுவனத்துடையது, கார் கோக்கப்படுவது இந்தியாவில். மூன்றும் உண்மை. ஆபிங்டனோடு அவற்றுக்கு இருப்பது வணிகக்குறியின் தொடர்ச்சி மட்டுமே. அந்த ஆலையின் பொறியியலோ, இயந்திரங்களோ, ஆட்களோ ஹலோல் வரை தொடர்ந்து வரவில்லை.

மீதி மூன்றும் எங்கே?

முதலில் இயந்திரங்கள். பிரிட்டிஷ் லேலண்ட் 1975இலேயே, பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்கச் செய்வதற்காகப் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் துணை நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. அந்த நிறுவனம் எம்.ஜி.பி. பாடியின் தகடுகளை அழுத்திய பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988இல் முழுப் பாடிக் கூடுகளை மீண்டும் செய்யத் தொடங்கியது. துருப்பிடித்து இற்றுப்போன காரின் எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுத்தண்டு ஆகியவற்றை எடுத்துப் புதிய கூட்டில் பொருத்தினால் கார் மறுபடி ஓடும். 1990களில் ரோவர் வெளியிட்ட எம்.ஜி. ஆர்.வி.8 கார் இந்தக் கூட்டை அடிப்படையாகக் கொண்டே உருவானது. அந்த நிறுவனம் 2001இல் பி.எம்.டபிள்யூ.விடமிருந்து தனியார் கைக்குப் போனது; இன்று ஆபிங்டனுக்கு அருகில் விட்னி என்னும் சந்தை நகரத்தில் இயங்குகிறது. எம்.ஜி.பி.யைச் செய்யும் அறிவு ஷாங்காய்க்குப் போகாமல் அடுத்த ஊரிலேயே தங்கிவிட்டது.

அடுத்து பதிவேடுகள். ஒவ்வொரு காரும் எந்த நாளில், எந்த வண்ணத்தில், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதை ஆலை எழுதிவைத்தது. பழைய கார் ஒன்றின் விலையை இந்த ஏடுகள் பல மடங்கு மாற்ற வல்லவை. பிற்காலக் கார்களின் ஏடுகள் வார்விக்ஷயரில் கேடன் என்னும் இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கிருந்து உரிமையாளர்கள் கட்டணம் செலுத்திப் பாரம்பரியச் சான்றிதழ் பெறலாம். போருக்கு முந்தைய கார்களைப் பற்றிய ஆவணங்களை எம்.ஜி. கார் கிளப் பேணுகிறது. 1930இல் தோன்றிய இந்தக் கிளப்பின் முதல் செயலாளர்களில் ஒருவரான ஜான் தார்ன்லி, பின்னர் ஆபிங்டன் ஆலையின் பொது மேலாளராகவே உயர்ந்தார். கிளப்பின் தலைமையகம் இன்று ஆபிங்டனில், பழைய ஆலை வளாகத்தை ஒட்டிய செமட்ரி சாலையில், கிம்பரின் பெயர் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது.

மூன்றாவது, இடம். இதில் இழப்பே மிகுதி. 17ஆம் நூற்றாண்டுக் கவுன்டி மண்டபம் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அதன் ஒரு கல்லையும் அனுமதியின்றி அசைக்க முடியாது. பத்து லட்சம் கார்கள் பிறந்த கொட்டகைகளுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அவை இடிக்கப்பட்டு, வணிக வளாகங்களும் வீடுகளும் எழுந்தன. கட்டடத்தின் அழகையும் பழைமையையும் அளக்கும் பட்டியல் முறை, உழைப்பு நடந்த இடத்தின் மதிப்பை அப்போது அளக்கத் தவறியது என்றே சொல்ல வேண்டும். ஊர் தன்னால் இயன்ற ஈடு ஒன்றைச் செய்திருக்கிறது. 2012இல் மண்டப அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது, ஆபிங்டனின் இறுதி உற்பத்தியைச் சேர்ந்த ஓர் எம்.ஜி.பி. காரைக் கிரேனால் தூக்கி, மேல்தளத்தின் உயர்ந்த ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுசென்று வைத்தார்கள். ஒரு காலத்தில் நீதிபதிகள் அமர்ந்த கட்டடத்தில் இப்போது அந்தக் கார் நிற்கிறது.

பொன்விழாப் பீரின் கதையும் இதைப் போன்றதே. மோர்லண்ட் ஆலை கிரீன் கிங் நிறுவனத்தின் கைக்குப் போய் 2000ஆம் ஆண்டையொட்டி மூடப்பட்டது. ‘ஓல்ட் ஸ்பெக்கிள்ட் ஹென்’ இன்று சஃபோக் கவுன்டியில் வடிக்கப்படுகிறது. காரின் பெயரும் பீரின் பெயரும், இரண்டும் ஊரைவிட்டுப் போயின.

திடலில் பழைய கார்கள் நிற்க யார் அனுமதி தருகிறார்கள்?

இத்தகைய ஊர்களின் உள்ளூர்ச் செய்திகளில் பழைய கார்க் காட்சி, அதற்கான சாலை மூடல், வாகன நிறுத்தக் குறைகள் அடிக்கடி வரும். அவற்றைப் புரிந்துகொள்ள மூன்று அடுக்கு நிர்வாகத்தை அறிய வேண்டும். ஆபிங்டன் நகர மன்றம் அருங்காட்சியகத்தை நடத்துகிறது. அதற்கு மேல் வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் மாவட்ட மன்றம், கட்டட அனுமதிகளைப் பார்க்கிறது. அதற்கும் மேல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்டி மன்றம், சாலைகளின் பொறுப்பாளர். ஊர்வலம், விழா போன்றவற்றுக்காகத் தெருவைத் தற்காலிகமாக மூட, 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டப் பிரிவு 21 மாவட்ட மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கார் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் எழுதப்பட்ட சட்டம் இன்றும் கார் விழாவுக்குத் தெருவைத் திறந்துவிடுகிறது.

கார்களைச் சாலையில் வைத்திருப்பதற்கும் சட்டம் துணை நிற்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. 1980இல் ஆபிங்டனிலிருந்து கடைசியாக வெளியேறிய கார்கள் 2021இல் இந்த வரம்புக்குள் வந்தன. அதாவது, ஆபிங்டனில் செய்யப்பட்ட எல்லாக் கார்களும் இப்போது சட்டத்தின் கண்ணில் வரலாற்று வாகனங்கள்.

ஆபிங்டனின் கணக்குப்படி நூற்றாண்டு 2029இல் நிறையும். இங்கிலாந்தில் மாவட்ட மன்றங்களையும் கவுன்டி மன்றங்களையும் கலைத்து ஒரே அடுக்காக்கும் சீரமைப்பு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலும் நடந்துவருகிறது. திட்டமிட்டபடி முடிந்தால் 2028இல் புதிய அமைப்பு பொறுப்பேற்கும். அப்படியானால் அந்த விழாவுக்காகச் சந்தைத் திடலைச் சுற்றியுள்ள தெருக்களை மூடும் ஆணையில் இன்றைய மாவட்ட மன்றத்தின் பெயர் இருக்காது. நகர மன்றத்தை அந்தச் சீரமைப்பு கலைக்கப்போவதில்லை. மண்டபமும் மேல்தளத்துக் காரும் அதன் பொறுப்பிலேயே இருக்கும்.